பூர்பார்லே

எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் 'பூர்பார்லே' என்று ஒரு சொல் வந்தது. நாடுகளுக்கு இடையே நடக்கும் பேச்சுவார்த்தை என்று பொருள். நான் அதை இரண்டாகப் பிரித்து, 'பேசுவதற்காக' என்று அர்த்தம் எழுதிவைத்தேன். வாத்தியார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். எழுபதைத் தாண்டிய பிறகு, அந்த ஒரு மார்க்கை அவர் திருப்பித் தந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

போன வாரம் கடற்கரையில் நண்பர் ஒருவர், "வட கொரியாவோடு மறுபடி உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும் சார்" என்றார். எத்தனையாவது தடவையாக என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். அவருக்குத்தான் இந்தப் பதில்.

1994 அக்டோபரில் ஜெனீவாவில் கையெழுத்தானது முதல் ஒப்பந்தம். யோங்பியோன் அணு உலையை அவர்கள் நிறுத்த வேண்டும். பதிலுக்கு இரண்டு புதிய மின் உலைகள். அவை தயாராகும்வரை ஆண்டுக்கு 5 லட்சம் டன் எரியெண்ணெய். நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த எட்டு வருடம் அங்கே புளுட்டோனியம் எடுக்கவில்லை. அமெரிக்கர்களின் எண்ணெயும் தாமதமாகத்தான் போனது, உலைகள் கடைசிவரை முடியவே இல்லை. ஆனால் அதே காலத்தில் பாகிஸ்தானின் ஏ.கியூ. கான் மூலமாக யுரேனியம் செறிவூட்டும் கருவிகள் பின்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தன. முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று அல்லவா!

2003 ஜனவரியில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார்கள். பிறகு பெய்ஜிங்கில் ஆறு நாடுகள் கூடின. 2005 செப்டம்பரில் எல்லா அணு ஆயுதங்களையும் கைவிடுவதாகக் கூட்டறிக்கை. அறிக்கை வந்து பதின்மூன்று மாதம்கூட முடியவில்லை, 2006 அக்டோபர் 9 அன்று முதல் குண்டை வெடித்துப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. 2008 ஜூனில் யோங்பியோன் குளிர்விப்புக் கோபுரத்தைத் தகர்த்தார்கள். டி.வி.யில் நானும் பார்த்தேன். எவ்வளவு புகை! உலகமே கைதட்டியது. அக்டோபரில் பயங்கரவாத ஆதரவு நாடுகளின் பட்டியலிலிருந்து அமெரிக்கா அவர்கள் பெயரை எடுத்தது. டிசம்பரில், சரி, உள்ளே வந்து மாதிரி எடுத்துச் சோதிக்கிறோம் என்று கேட்டபோது பேச்சு முறிந்தது. 2009 மே மாதம் இரண்டாவது வெடிப்பு. 2010இல் அமெரிக்க விஞ்ஞானி சீக்ஃபிரீட் ஹெக்கரை அழைத்துப்போய், அதே யோங்பியோனில் புத்தம்புதிய செறிவூட்டும் கூடத்தைக் காட்டினார்கள். ஏறக்குறைய 2,000 இயந்திரங்கள் என்று அவரிடம் சொன்னார்கள்.

குமாஸ்தா உத்தியோகம் பார்த்த எனக்கு இது புதிதல்ல. வாய்க்கால் புறம்போக்கை வளைத்துக் கட்டிய ஒருவர், நோட்டீஸ் போனதும் வாசல் படியை இடித்து, போட்டோ எடுத்து, 'ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது' என்று மனு கொடுத்தார். மேலதிகாரி கோப்பை முடிக்கச் சொன்னார். நான் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் மாடிக்கு சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

2012இல் ஓர் உடன்பாடு. பிப்ரவரியில் ஒப்புக்கொண்டு ஏப்ரலில் ராக்கெட் விட்டார்கள். 2018இல் சிங்கப்பூர், 2019இல் ஹனோய். போட்டோக்கள் நன்றாக வந்திருந்தன. இதற்குள் மொத்தம் ஆறு அணுவெடிப்புகள்.

"அப்படியானால் சண்டை போடச் சொல்கிறீர்களா?" என்று நண்பர் கேட்டார். இல்லை ஐயா. சியோல் நகரம் அவர்கள் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே லட்சக்கணக்கான குடும்பங்கள். பேசட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் ஆய்வாளர் உள்ளே போகட்டும், கேட்ட இடத்தில் மண்ணை அள்ளட்டும், பிறகு எண்ணெயை அனுப்பலாம். அரசாங்கத்தில் பத்து ரூபாய் பில்லைக்கூட வேலை முடிந்ததைப் பார்க்காமல் பாஸ் செய்யமாட்டோம். கூட்டறிக்கை வந்த அன்றே வெற்றி என்று பத்திரிகையில் எழுதுகிறவர்கள், ஆறு மாதம் கழித்து ஒரு தடவை யோங்பியோன் செயற்கைக்கோள் படத்தையும் போடட்டும்.

அந்த வாய்க்கால் கோப்பை நான் முடிக்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று அடுத்தவரிடம் ஒப்படைத்தேன். மாடியில் இப்போது வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள்.