எர்த் குழிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள்



மேட்டூரில் 1937ஆம் ஆண்டு முதல் காவிரி நீர் சுழலிகளைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்கி வருகிறது. அங்கே நீரும் மின்சாரமும் நண்பர்கள். நம் வீட்டுக் குளியலறையிலோ இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதற்கு என்ன காப்பு என்று கேட்டால், "பியூஸ் இருக்கிறதே! எர்த் இருக்கிறதே!" என்பதுதான் பலருடைய பதில். சேலம், நாமக்கல் பகுதியில் வாழும் நமக்கு இந்தப் பதில் போதாது என்பது என் கருத்து. ஏன் போதாது என்பதை நீங்கள் படித்த ஓம் விதியைக் கொண்டே பார்த்துவிடலாம்.

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். தூய நீர் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். ஆனால் நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீர் தூய நீரன்று. கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் உப்புகள் அதில் கரைந்து அயனிகளாக உலவுகின்றன. சோப்பு நுரைக்காததும், ஹீட்டர் கம்பியின்மேல் வெள்ளை ஓடு படிவதும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் வேலைதான். அந்த ஓடு வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேற முடியாமல் கம்பியின் உலோக உறை அளவுக்கு மீறிச் சூடாகிறது. நாளடைவில் அரித்து வெடிப்பும் விடுகிறது.

உறைக்கும் உள்ளிருக்கும் நிக்ரோம் சுருளுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பொடி அடைத்திருக்கும். அது மக்னீசியம் ஆக்சைடு. நம் சேலத்து வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பதும் இதுவே. அது வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் அந்தக் காப்புத்திறன் போய்விடும். வெடிப்பு வழியே நீர் புகுந்ததும், மின்சாரம் உறைக்கும் வாளி நீருக்கும் வந்துவிடுகிறது.

இப்போது ஒருவர் ஈரத் தரையில் நின்றுகொண்டு, சூடாகிவிட்டதா என்று வாளியில் விரலை விட்டுப் பார்க்கிறார். உலர்ந்த தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கலாம். நனைந்த உடலுக்கோ அது 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்துப் பாருங்கள். 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர். தொட்ட கையை விடுவித்துக்கொள்ள முடியாமல் போகும் அளவு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் கண்டறிந்தார். 100 மில்லிஆம்பியர் சில வினாடிகள் மார்பு வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பே சீர்குலையலாம். ஆனால் 16 ஆம்பியர் பியூஸுக்கு 0.23 ஆம்பியர் ஒரு கொசுக்கடி! பியூஸ் காப்பது வீட்டு வயரிங்கை. உங்களையும் என்னையும் அல்ல.

"உறை எர்த்துடன் இணைந்திருக்கிறதே, கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போய்விடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மூன்று பின் பிளக்கில் பெரிய பின் அதற்காகத்தான் இருக்கிறது. அதை ஒடித்துவிட்டு இரண்டு பின் துளையில் செருகுவோர் இந்தக் காப்பையே தொலைத்துவிடுகிறார்கள்.

பின் சரியாக இருந்தாலும், மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணிலும் மின்சாரத்தைச் சுமப்பவை ஈரத்தில் கரைந்த அயனிகளே. நம் பகுதியில் பல இடங்களில் சிறிது ஆழம் தோண்டினாலே கடும்பாறை. பங்குனி, சித்திரையில் மேல்மண்ணும் காய்ந்துவிடும். அப்போது எர்த் வழியின் தடை 50 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் பாய்வது 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியராவது பாய வேண்டுமானால் மொத்தத் தடை 14 ஓமைத் தாண்டக் கூடாது. பியூஸ் உருகாது; கிரைண்டரின் உடலோ, கீசரின் தொட்டியோ மின்சாரத்துடன் காத்திருக்கும்.

எர்த் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு, நீர் ஊற்ற ஒரு புனலும் வைத்ததன் காரணம் இதுதான். இன்று பல வீடுகளில் அந்தக் குழியின்மேல் சிமெண்டு பூசி மறந்துவிட்டார்கள். வாளியில் நம்மைக் கொல்லும் உப்பு நீர், குழியில் நம்மைக் காக்கிறது.

ஆனால் கோடையை நம்பி உயிரை வைக்கலாமா? ஆகவேதான் ஒவ்வொரு வீட்டிலும் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காப்பான் வேண்டும் என்கிறேன். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருந்தால் அதன் இரும்பு வளையத்தில் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே சுவிட்ச் விழுந்துவிடும். நாம் கணக்கிட்ட 230 மில்லிஆம்பியர் கசிந்தால் 40 மில்லி வினாடிக்குள் மின்சாரம் நின்றுவிட வேண்டும் என்பது அதற்குரிய தர அளவு. எர்த் தடை நூற்றுக்கணக்கான ஓம் ஆனாலும் அது வேலை செய்யும். ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் மட்டும் அதனால் காக்க இயலாது.

"அது அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது" என்பார் சிலர். எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. அதைக் கழற்றி எறிவது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பாகும். செலவு என்பார் சிலர். ஒரு கைப்பேசியின் விலைக்குள் முடிந்துவிடும். மத்திய மின்சார ஆணையம் 2010இல் வகுத்த பாதுகாப்பு விதிகளிலேயே நிலக்கசிவுக் காப்புச் சாதனத்துக்கு இடம் இருந்தது. பழைய வீடுகளை யார் வந்து பார்ப்பார்கள்? நாம்தான் பார்க்க வேண்டும்.

இன்று மாலை வீட்டுப் பெரியவர்களுடன் மீட்டர் பெட்டியருகே செல்லுங்கள். எதையும் திறக்க வேண்டாம். 'டி' என்று எழுதிய பொத்தானுள்ள சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் மாதம் ஒரு முறை அதை அழுத்திச் சோதிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்லுங்கள். எர்த் குழி எங்கே என்று கேட்டு அறிந்து, கோடையில் வாரம் ஒரு குடம் நீர் ஊற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே வாளி நீரைத் தொடுங்கள்.