கோலம் போடும் கைக்கு ஒரு துணி ஓவியம்



ஓவியம் என்றதும், "அதற்கெல்லாம் நமக்கு நேரம் ஏது, காசு ஏது?" என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் விடியுமுன் எழுந்து, லயத்து வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, புள்ளி வைத்துக் கோலம் போட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனவர்கள் நம் தாய்மார்கள். கோடு நடுங்காமல் இழுத்த அந்தக் கை ஓவியரின் கைதானே!

இன்று தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட குடும்பங்கள் பல. மண்வாசல் போய்ச் சிமெண்டு வாசல் வந்தது. கோலமாவுக்குப் பதில் ஒட்டுக்கோலம் வந்தது. அம்மாவின் கைவண்ணம் மகளின் கைக்கு வராமலே போய்விடக் கூடாது. வாசல் சுருங்கினால் என்ன? துணியில் போடுவோம்!

இதற்கு வழிகாட்டி நம் பினாங்கிலேயே வாழ்ந்தார். சுவா தியன் தெங் என்பது அவர் பெயர். சீனாவில் பிறந்து, 1932இல் பினாங்குக்கு வந்தவர். பாத்தேக் துணித் தொழில் நடத்திப் பார்த்தார், அது கைகொடுக்கவில்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை. அதே மெழுகையும் சாயத்தையும் கொண்டு படம் தீட்டினார். 1955இல் பினாங்கில் அவருடைய பாத்தேக் ஓவியங்கள் கண்காட்சிக்கு வந்தன. தாயும் பிள்ளையும், கம்பத்து வாழ்க்கையும்தான் அவர் வரைந்தவை. அவருடைய ஓவியத்தை யுனிசெஃப் நிறுவனம் வாழ்த்து அட்டையில் அச்சிட்டது. 2008இல் மறைந்தார்.

பாத்தேக்கின் சூட்சுமம் எளிது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஆனால் கொதிக்கும் மெழுகு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆபத்து. ஜப்பானியர் கூம்பில் அரிசிப் பசையை நிரப்பிப் பிழிந்து துணியில் கோடு போடுவார்கள். நாம் மைதா மாவைக் கொண்டு அதைச் செய்யலாம்.

தேவையானவை: வெள்ளைப் பருத்தித் துணி ஒரு முழம் (பழைய வேட்டித் துண்டு போதும்), மைதா அரை கப், தண்ணீர் அரை கப், படிகாரத் தூள் 2 தேக்கரண்டி, துணிக்குரிய பெயிண்ட், ஒரு தூரிகை.

மைதா, படிகாரம், தண்ணீர் மூன்றையும் கட்டியில்லாமல் தோசைமாவுப் பதத்துக்குக் கலக்குங்கள். மருதாணிக் கூம்பு போல் பிளாஸ்டிக் பையைச் சுருட்டி மாவை நிரப்பி, நுனியை மெல்ல வெட்டுங்கள். துணியைப் பலகையில் இழுத்து ஒட்டி, புள்ளி வைத்துக் கோலம் போடுங்கள். சிக்குக்கோலம் மிக எடுப்பாக இருக்கும். ஓர் இரவு முழுக்க நன்றாகக் காயட்டும்.

பிறகு துணி முழுவதும் பெயிண்டைத் தூரிகையால் பூசுங்கள். தண்ணீர் அதிகம் கலந்தால் மாவு கரைந்து கோடு கலங்கிவிடும். பெயிண்ட் கெட்டியாகவே இருக்கட்டும். பூசுமுன் துணியை லேசாகக் கசக்கினால் மாவில் வெடிப்பு விழும். அதன் வழியே வண்ணம் இறங்கி, பாத்தேக்குக்கே உரிய நரம்புக் கோடுகள் கிடைக்கும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பின் தண்ணீரில் ஊறவைத்து, கரண்டியால் மாவைச் சுரண்டுங்கள். உங்கள் கோலம் வெள்ளையாக வெளிப்படும்! உலர்ந்ததும் பின்புறமாக இஸ்திரி போடுங்கள்.

பெயிண்ட் வாங்க வசதியில்லையா? சின்னப் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தியும் மஞ்சள்தூளும் போதும். வெள்ளைத் தாளில் மெழுகுவர்த்தியால் அழுத்தி வரையச் சொல்லி, மேலே மஞ்சள் தண்ணீர் பூசுங்கள். காய்ந்ததும் அங்கங்கே சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டால் மஞ்சள் சிவப்பாகும். வெயிலில் வைத்தால் மட்டும் மஞ்சள் வெளுத்துவிடும். சுவரில் நிழலான இடம் பார்த்து மாட்டுங்கள்.

பாட்டியை அருகில் அமர்த்துங்கள். புள்ளிக் கணக்கு அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்ல, பேத்தி பிழியட்டும். வாசலோடு நின்றுவிட இருந்த கலை அப்போது வீட்டுக்குள் வந்து குடியேறும்.