மாடியில் அடைபட்ட உம்மாவுக்கு

கொழும்பில் காணி சுருங்க, வீடுகள் மேல்நோக்கி வளர்கின்றன. முழங்கால் தேய்ந்த உம்மா மாடியறையிலேயே அடைபட்டுப் போகிறார். கல்யாண வீடுமில்லை, மையித்து வீடுமில்லை. கீழே ஓர் அறையும் குளியலறையும் ஒதுக்க முடிந்தால் அதுவே மலிவு. முடியாதவர்களுக்குத்தான் படிக்கட்டில் ஓடும் நாற்காலி லிப்ட்.

சகோதரிகளே, முதலில் படியைப் பாருங்கள். நேர்ப்படிக்குச் செலவு குறைவு. திருப்பமுள்ள படிக்கு அளவெடுத்தே தண்டவாளம் செய்ய வேண்டும். விலை மிக அதிகம், வீடு மாறினால் அது உதவாது. தண்டவாளம் பெரும்பாலும் சுவரிலன்றிப் படியிலேயே பூட்டப்படும்.

பற்றரியில் ஓடுவதையே கேளுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் நின்றாலும் பற்றரியில் சில தடவை ஏறி இறங்கலாம்.

மேலே சென்றதும் ஆசனம் மாடிப்பக்கம் திரும்ப வேண்டும். இல்லையேல் படி விளிம்பில்தான் கால் வைக்க நேரும். இடுப்புப்பட்டி அவசியம். கால்தட்டில் ஏதும் தட்டுப்பட்டால் தானாக நிற்கவும் வேண்டும் (பேரப்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் கிடக்காத படி ஏது?). அபாயாவின் ஓரத்தை மடியில் சுருட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முழங்கால் மடங்காதவருக்குச் சாதாரண ஆசனம் ஒத்துவராது. பாதி நின்றபடி சாயும் உயர்ந்த ஆசனமும் உண்டு. பணம் கட்டுமுன் உம்மாவையே உட்கார வைத்து, விசையை அவர் விரலால் அழுத்த முடிகிறதா என்று பாருங்கள்.