தொண்ணூறாம் நாளின் கணக்கு

மூளையின் பெரிய ரத்தக் குழாயொன்று அடைபட்டு, பேச்சும் ஒரு பக்கத்துக் கைகாலும் திடீரென ஓய்ந்துபோனவரின் தொடை இடுக்கில் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதை மூளைவரை கொண்டுசென்று, அங்கே கிடக்கும் ரத்தக்கட்டியைக் கம்பிவலையில் சிக்கவைத்து வெளியே இழுத்துவிடும் சிகிச்சையை இன்று மருத்துவ உலகம் தயக்கமின்றி ஏற்றிருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ நிலைமை வேறு. அவ்வாண்டு ஒரே காலத்தில் வெளியான மூன்று பரிசோதனைகளும், வழக்கமான சிகிச்சையைவிட இதனால் விசேஷ நன்மை எதுவும் புலப்படவில்லை என்றே தெரிவித்தன. கட்டி வெளியே வருவதைத் திரையில் பிரத்தியட்சமாகக் கண்ட மருத்துவர்கள் பலருக்கு இம்முடிவு நம்ப முடியாததாக இருந்தது.

அத்தகைய வேளையில் நெதர்லாந்து நடந்துகொண்ட விதத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். சிகிச்சையை அடியோடு ஒதுக்காமலும், பயனை நிரூபிக்காமல் பொதுப்பணத்தை வாரி இறைக்காமலும், பரிசோதனையில் சேர்ந்த மருத்துவமனைகளில் செய்தால் மட்டுமே அதன் செலவை ஈடுசெய்வது என்ற நிபந்தனையை அந்நாடு விதித்தது. 16 மருத்துவமனைகளில், நோய் கண்ட ஆறு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கக்கூடிய 500 நோயாளிகளை, யார் எந்தப் பிரிவுக்குச் செல்வார் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் இரு பிரிவாக்கி நடத்திய ‘மிஸ்டர் கிளீன்’ ஆய்வு 2015 ஜனவரியில் அச்சேறியது. பெரிய குழாயில் அடைப்பு இருப்பதை முன்னரே படமெடுத்து உறுதிசெய்தபின் சேர்த்ததும், பெரும்பாலோருக்குப் புதிய கம்பிவலைக் கருவிகளையே பயன்படுத்தியதும் முந்தைய ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் வாய்க்காத அநுகூலங்கள்.

முடிவை அளந்த முறையையே நான் எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கிறேன். குழாய் திறந்ததா என்பதோடு நின்றுவிடாமல், தொண்ணூறாம் நாளில் அம்மனிதர் பிறர் துணையின்றித் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்கிறாரா என்று அந்த ஆய்வு கேட்டது. கட்டியை அகற்றும் பிரிவில் நூற்றுக்கு 32.6 பேரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற மற்றப் பிரிவில் 19.1 பேரும் அந்நிலையை அடைந்திருந்தனர். மரணங்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. மூளையின் வேறொரு பகுதியில் புதிதாக அடைப்பு நேர்ந்தவர்களோ சிகிச்சைப் பிரிவில்தான் அதிகம், 5.6 சதவீதம். இந்தப் பாதகத்தையும் ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். பின்னர் இதனோடு வேறு நான்கு ஆய்வுகளையும் சேர்த்து 1,287 பேரின் விவரங்களை ஆராய்ந்தபோது, சுயமாக வாழும் நிலையை எட்டியவர்கள் 46 சதவீதம், மற்றப் பிரிவில் 26.5 சதவீதம் என்று தெரிந்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்காவது ஊனம் ஒரு படியேனும் குறைகிறது என்பது பக்கவாத வைத்தியத்தில் அரிதான பேறு.

இதே எண்களை மறுபக்கத்திலிருந்து பார்த்தால், இவ்வளவு நுட்பமான சிகிச்சை பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் பிறர் கையை எதிர்பார்த்திருக்கிறார்கள், அல்லது உயிரிழந்திருக்கிறார்கள். நெதர்லாந்து ஆய்வில் நோய் கண்ட கணத்திலிருந்து தொடையில் ஊசி நுழையும்வரை சராசரியாக நான்கு மணி நேரத்துக்கும் மேல் கழிந்திருந்தது; அத்தனை நேரமும் ரத்தமின்றி மூளையின் திசுக்கள் மடிந்துகொண்டிருந்தன. எத்தனை பேருக்குக் கட்டியை எடுத்தோம் என்று விளம்பரம் செய்யும் மருத்துவமனைகள், நோயாளி வாசலை அடைந்ததிலிருந்து ஊசி நுழையும்வரை கழிந்த நிமிஷங்களையும், தொண்ணூறாம் நாளில் அவர்களில் எத்தனை பேர் தாமே எழுந்து நடந்தார்கள் என்பதையும் சேர்த்தே வெளியிட வேண்டும். பொதுப்பணத்தில் இச்சிகிச்சைக்குச் செலவிடும் அரசுகள் அந்தக் கணக்கைப் பெற்ற பின்னரே பணத்தை அளிக்க வேண்டும்.