ஆயிரம் பொற்கொல்லர்

பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் விபத்து நேர்ந்த மறுநாள் நாளேடுகளைப் புரட்டிப் பாருங்கள். ராட்டினத்தை இயக்கியவர் விசாரணையில் இருப்பார். மேலாளர் மீது வழக்குப் பதிவாகியிருக்கும். பூங்காவுக்குத் தற்காலிகப் பூட்டு. அந்த ராட்டினத்தை வாங்கவும், அதற்கு எத்தனை பேரை அமர்த்தவும், பராமரிப்புக்கு எவ்வளவு செலவிடவும் முடிவெடுத்தவரின் பெயர் பெரும்பாலும் அச்செய்தியில் இராது. இது அநீதி என்பதே நம் வாதம்.

2012 செப்டம்பரில் பூந்தமல்லிக்கு அருகே இ.வி.பி. பூங்காவில் ராட்டினத்திலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். 2016 மே மாதம் தாம்பரம் கிஷ்கிந்தாவில் புதிய ராட்டினம் ஒன்றை ஊழியர்களை ஏற்றி வெள்ளோட்டம் பார்த்தபோது அது சரிந்து, ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலை விஜிபி பூங்காவில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயரத்தில் மணிக்கணக்கில் சிக்கி நின்றனர். தீயணைப்புத் துறையினர் வந்து இறக்கினர்.

இவற்றில் யார் குற்றவாளி என்று தீர்ப்புரைப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்பது வேறு. வெள்ளோட்டத்தின்போது ஏற்ற வேண்டியது மனிதரையா, மணல் மூட்டையையா என்பது விசையருகே நிற்பவர் எடுக்கும் முடிவா? உயரத்தில் சிக்கியவரை இறக்கும் சாதனத்தைப் பூங்காவே வைத்திருக்க வேண்டுமா என்பதை அனுமதிச் சீட்டுக் கிழிப்பவரா தீர்மானிக்கிறார்?

நூற்றுக்கணக்கானோர் உழைக்கும் இடத்தில், தளர்ந்த ஒவ்வோர் ஆணிக்கும் தலைவரா பொறுப்பு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆஸ்திரேலியாவின் டிரீம்வேர்ல்டு பூங்காவை எடுத்துக்கொள்வோம். 2016 அக்டோபர் 25 அன்று அங்கே ஒரு படகுச் சவாரியில் பம்பு நின்று நீர்மட்டம் தாழ்ந்தது. ஒரு படகு சிக்கி நிற்க, பின்னால் வந்த படகு அதில் மோதியது. 4 பேர் மாண்டனர். அதே நாளில் அதற்கு முன்பே இருமுறை பம்பு நின்றிருந்தது. நீர் குறைந்தால் சவாரி தானாக நிற்கும் ஏற்பாடும் இல்லை.

அச்சவாரி தொடங்கியது 1986இல். உரிமையாளரான ஆர்டென்ட் லெஷர் நிறுவனத்துக்கு டெபோரா தாமஸ் தலைமைச் செயல் அதிகாரியானதோ 2015இல். முப்பதாண்டுப் பழி முழுவதையும் அவர் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. ஆனால் விபத்து நிகழ்ந்து இரண்டே நாளில் கூடிய பங்குதாரர் கூட்டத்தில் அவருக்கான ஊக்கத்தொகை விவாதப் பொருளாயிற்று. எதிர்ப்பு எழவே, ரொக்கப் பகுதியைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழங்குவதாக அவர் அறிவித்தார். 2020இல் 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் நிறுவனத்தின் மீது விழுந்தது. எல்லோருடைய உழைப்பிலும் வரும் இலாபத்துக்குத் தலைவர் பரிசு பெறலாம். கேடு வந்தால் மட்டும் அது பலருடைய பொறுப்பாகிவிடும். இந்தக் கணக்கைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

பழியை அளக்க அதிகாரமே அளவுகோல். பராமரிப்புக்கான பணம், பணியாளர் எண்ணிக்கை, ஐயம் எழுந்தால் ஓட்டத்தை நிறுத்தும் உரிமை ஆகிய மூன்றும் தலைமையின் கையில் இருப்பவை. விடுமுறை நாள் வசூலின் நடுவே ராட்டினத்தை நிறுத்தினால் வேலை போகுமென்று அஞ்சும் ஊழியரின் தவறில் தலைமைக்கும் பங்குண்டு. முன்னறிவிப்பின்றி உடையும் இரும்புக்கும், மறைக்கப்பட்ட பழுதுக்கும் அவ்வளவு பங்கில்லை.

அரசும் தப்ப முடியாது. 2024 மே 25 அன்று ராஜ்கோட் விளையாட்டுக் கூடத்தில் 27 உயிர்கள் கருகின. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே அக்கூடம் இயங்கியது. கூட்டம் உள்ளே இருக்கும்போதே வெல்டிங் வேலையும் நடந்தது. மனிதர் விளைவித்த பேரழிவு என்றது குஜராத் உயர் நீதிமன்றம். உரிமையாளர் கண் மூடியிருந்தார் என்றால், உரிமம் பார்க்க வேண்டியவர்களும் அவ்வாறே இருந்தனர்.

சிலப்பதிகாரம் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று. பொய் சொன்னவன் பொற்கொல்லன். வாளை வீசியவன் காவலன். இருவரையும் காட்டிப் பாண்டியன் தப்பியிருக்கலாம். ஆராயாமல் ஆணையிட்டது தானே என்று உணர்ந்ததால் அவன் பழியைத் தன்மேல் ஏற்று உயிர் துறந்தான். அவனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் என்ன செய்தான்? ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுக் கண்ணகியின் சினம் தணிக்க முயன்றான். அந்த ஆயிரவர் செய்த குற்றம் என்ன? மேடைதோறும் முதற்பாண்டியனைப் புகழ்கிறோம். பூங்கா வாயிலில் இரண்டாமவனையே பின்பற்றுகிறோம்.

நாம் வாழும் வேங்கிக்காலில்தான் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திருவிழா ராட்டினமோ நிலையான பூங்காவோ, அனுமதி தரும் ஒவ்வொரு நிர்வாகமும் மூன்றைக் கேட்கட்டும்: பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் தலைவரின் பெயர் வாயிற்பலகையில் இருக்க வேண்டும்; கடைசிச் சோதனை நடந்த நாள் அதன் கீழே இருக்க வேண்டும்; ஐயத்தால் ராட்டினத்தை நிறுத்தும் ஊழியரைத் தண்டிக்க மாட்டோம் என்ற உறுதிமொழி எழுத்தில் இருக்க வேண்டும். கல்விச் சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லுமுன் பெற்றோரிடம் நாம் கையொப்பம் வாங்குகிறோம். அதே கையொப்பத்தைப் பூங்காவின் தலைவரிடமும் கேட்டு வாங்க வேண்டாமா?