வயர் பாடாது

"இந்த ஸ்பீக்கருக்கு அந்த ஆம்ப் செட் ஆகாது சார். ஸ்பீக்கர் கொஞ்சம் பளிச்சுனு பேசும், அதுக்கு வார்மான ஆம்ப்தான் போடணும். வயர்ல மட்டும் சில்வர் வேண்டாம், காது கூசும். நல்ல காப்பர் போட்டா சரியா உக்காந்துடும்."

ஆடியோ கடையின் ஏசி அறையில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கல்யாணத் தரகர் ஞாபகம்தான் வரும். ராசி பொருந்துகிறது, ரஜ்ஜு தட்டுகிறது, ஆனால் கவலை வேண்டாம், பரிகாரம் இருக்கிறது. ஜோசியத்தில் பரிகாரம் ஒரு கோயிலோடு முடிந்துவிடும். இங்கே மீட்டருக்கு இவ்வளவு என்று விலை போட்டு வெல்வெட் பெட்டியில் வைத்திருப்பார்கள். 2 லட்ச ரூபாய்க்கு டவர் ஸ்பீக்கர் வாங்கியவர், "வயர்ல போய் கஞ்சத்தனம் பண்ணலாமா?" என்ற ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடுவார். நானும் விழுந்தவன்தான். அந்தக் கதை பிறகு.

முதலில் கணக்கு. வீட்டில் ப்ளக் பாயின்ட்டுக்கு எலெக்ட்ரீஷியன் இழுக்கிற 2.5 ஸ்கொயர் செம்பு வயரை எடுத்துக்கொள்வோம். அதன் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர், ஆக 0.08 ஓம். டவர் ஸ்பீக்கரின் பின்பக்கம் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் அது எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஆக இருக்காது. ஓரிடத்தில் 3 ஓமுக்கு இறங்கும், இன்னோரிடத்தில் 20 ஓமுக்கு ஏறும். 3 ஓமில் அந்த வயர் தின்பது 0.23 டெசிபல், 20 ஓமில் 0.03. ஒலியின் சமநிலையில் வயரால் வரும் கோணல் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், அதாவது 0.2 டெசிபல். சோபாவில் தலையை ஒரு சாண் நகர்த்தினால் இதைவிடப் பல மடங்கு மாறும்.

இதே கணக்கை நூல் மாதிரியான 0.5 ஸ்கொயர் வயருக்குப் போட்டால் கோணல் 1 டெசிபலை நெருங்குகிறது. அது காதில் விழும். ஆகவே வயரில் பார்க்க வேண்டியது தடிமனும் நீளமும். ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று சொல்கிறார்களே, சாதாரண மின்கம்பிச் செம்பைவிட அது 1 சதவீதம் நன்றாகக் கடத்தினால் அதிகம். வெள்ளி 5, 6 சதவீதம் நன்றாகக் கடத்தும்; செம்பை ஒரு சுற்று தடியாகப் போட்டால் அந்தக் கடன் தீர்ந்தது. வெள்ளி வயர் காதைக் கூச வைக்கும் என்பது, வெள்ளி கண்ணுக்குப் பளபளப்பதால் வந்த கற்பனை. சில வயர்களில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் பாட்டு போக வேண்டும் என்று அம்புக்குறி வேறு போட்டிருக்கும். அதற்குள் ஓடுவது விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம். அது எந்த அம்பைப் பார்த்து நடக்கும்?

ஸ்பீக்கருக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வயர் என்ற ராஜபாட்டையில் வந்த சிக்னல் பெட்டிக்குள் நுழைந்ததும் க்ராஸ்ஓவரில் மீட்டர் மீட்டராகச் சுற்றிய எனாமல் கம்பிக்குள் போகிறது. அதைத் தாண்டினால் வூஃபரின் வாய்ஸ் காயில், மெல்லிய கம்பி, அது மட்டுமே ஏறக்குறைய 6 ஓம். வாசல் வரை கம்பளம் விரித்துவிட்டு வீட்டுக்குள் ஒற்றையடிப் பாதை.

இப்போது என் கதை. திருவான்மியூரில், கடற்கரைக்கு மூன்று தெரு தள்ளி வாடகைக்கு இருந்தேன். மூன்று வருடம் ஓடிய செட் மந்தமாகிவிட்டது போலிருந்தது. கடைக்காரர் கேட்டார், "வயர் மாத்தினீங்களா?" 22,000 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். திரை விலகியது போல இருந்தது. நண்பர்களை அழைத்துக் கேட்க வைத்தேன், எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறு மாதம் கழித்து வீடு மாறும்போது பரணிலிருந்து பழைய வயர் கையில் கிடைத்தது. முனைகளைப் பார்த்தேன். உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடித்துக் களிம்பேறிக் கிடந்தது. ப்ளேடால் இரண்டு அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி, திருகி மாட்டினேன். அதே திரை விலகல். செம்பில் களிம்பு என்பது ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் சொல்லும் உவமை. வயரில் களிம்பு போய்விட்டது. ஆறு மாதமாக ஊரைக் கூட்டி உபதேசம் செய்த என் ஆணவத்தை என்ன செய்வது?

இந்த வயர் வியாபாரம் தொன்மையானது ஒன்றும் இல்லை. நோயல் லீ 1979 வாக்கில் அமெரிக்காவில் மான்ஸ்டர் கேபிளைத் தொடங்கும்வரை பெரும்பாலோர் மேஜை விளக்கு வயரில்தான் கேட்டார்கள். 1983இல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை அந்தத் தடித்த வயரையும் சாதாரண வயரையும் மிக மெல்லிய வயர் ஒன்றையும் அடையாளம் தெரியாமல் கேட்க வைத்தது. கேட்டவர்கள் மெல்லிய வயரை மட்டும் அடையாளம் கண்டார்கள், அதுவும் இசையில் அல்ல, இரைச்சல் சிக்னலைப் போட்டபோது. போதுமான தடிமன் உள்ள சாதாரண வயரையும் விலை உயர்ந்ததையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2007இல் 7,250 டாலர் வயர் ஒன்றைச் சாதாரண வயரிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் தருவதாக ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

ஆம்ப் விஷயம் இதைவிடச் சுவையானது. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் தன்னுடைய மூன்று தலைமுறை ஆம்ப்ளிஃபயர்களை ஒரே சோதனையில் நிறுத்தியது: வால்வில் ஓடும் குவாட் 2, ட்ரான்ஸிஸ்டரில் ஓடும் 303, அதற்குப் பின் வந்த 405. ஜேம்ஸ் மொயர் நடத்திய சோதனை, 1978 ஜூலையில் 'வயர்லஸ் வேர்ல்ட்' இதழில் வந்தது. கேட்டவர்களால் எது எது என்று பிரிக்க முடியவில்லை. புதிய மாடலை விற்க வேண்டிய கம்பெனியே பழசும் புதுசும் ஒன்று என்று ஊருக்குச் சொன்னது. எந்த வியாபாரி இப்படிச் செய்வார்?

எல்லா ஆம்ப்பும் ஒன்று என்று நானும் அடித்துச் சொல்லவில்லை. 1985இல் பாப் கார்வர் 'ஸ்டீரியோஃபைல்' ஆசிரியர்களிடம் சவால் விட்டார்: உங்களுக்குப் பிடித்த விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரைக் கொடுங்கள், என்னுடைய மலிவு ஆம்ப்பை அதே மாதிரி பேச வைக்கிறேன். ஓட்டல் அறையில் சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்தார். இரண்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்து, வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்து, அந்த மிச்சம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும்வரை உள்ளே மாற்றிக்கொண்டே போனார். கடைசியில் விமர்சகர்களே பிரிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு எழுதினார்கள். தொடக்கத்தில் வித்தியாசம் இருந்தது, அதை அவர்கள் கேட்டதும் உண்மை. ஆனால் அது அளவுகோலுக்கு அகப்பட்டது, சில பாகங்களை மாற்றினால் நகல் எடுக்கவும் முடிந்தது. 'ஆம்ப்பின் ஆன்மா' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ஓட்டல் அறைப் பக்கம் வருவதே இல்லை.

பார்க்க வேண்டிய பொருத்தம் ஒன்றிரண்டு உண்டு. ஸ்பீக்கர் 3 ஓமுக்கு இறங்கும் இடத்தில் ஆம்ப் அதிக மின்னோட்டம் தர வேண்டும். மலிவான ரிசீவர்கள் அங்கே சூடேறி ட்ரிப் ஆகும். ஒற்றை ட்ரையோடு வால்வ் ஆம்ப் வைத்திருப்பவருக்கு ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கம் அப்படியே ஒலியில் தெரியும், அவர் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும். வாட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை: இரண்டு மடங்கு வாட்ஸ் என்பது 3 டெசிபல், அவ்வளவுதான். 50க்கும் 60க்கும் காது பெரிய வித்தியாசம் காட்டாது. சின்ன ஆம்ப் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்பதும் தப்பு. மூச்சு முட்டும் அளவுக்கு முறுக்கினால் சின்ன ஆம்ப்பும் ட்வீட்டரைக் கருக்கும். (டேப்ரெக்கார்டரில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற காலத்தைப் பார்த்த நமக்கு எண்களின் மேலேயே நம்பிக்கை போனதில் ஆச்சரியம் இல்லை.) இதெல்லாம் பின்பக்க அச்சையும் அளவீட்டு வரைபடத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. வார்ம், ப்ரைட் என்ற தரகர் பாஷை எதற்கும் தேவையில்லை.

"எல்லாம் சரி, நானே என் காதால் கேட்டேனே" என்பார்கள். கேட்டிருப்பார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் காது தனியாகக் கேட்பதில்லை. ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் சில ஸ்பீக்கர்களுக்குத் திரை போட்டு மறைத்தும் மறைக்காமலும் மதிப்பெண் வாங்கினார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண் மாறியது. கேட்டுப் பழகியவர்களும் தப்பவில்லை. நிஜமாகவே வித்தியாசம் உள்ள ஸ்பீக்கருக்கே இந்தக் கதி என்றால் வயருக்குக் கேட்பானேன். தவிர, டெமோவில் ஒன்று மற்றதைவிடத் துளி சத்தமாக இருந்தாலும் நமக்கு அது 'தெளிவு' என்றுதான் படும். கடைக்காரரின் கட்டைவிரல் வால்யூமின் மேல்தான் இருக்கிறது.

போன மாதம் மடிப்பாக்கத்தில் நண்பர் ஒருவர் 35,000 ரூபாய் வயருக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். புது டவர் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி குழைகிறதாம், ஒவ்வொரு கும்கியும் அடுத்ததன் மேல் வழிகிறதாம். ஆம்ப் பொருந்தவில்லை, வயரால் சரிக்கட்டலாம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். 14 அடி ஹால். அந்த நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸில் அறையே கூடச் சேர்ந்து முழங்கும், அது வீட்டின் சுருதி. ஸ்பீக்கர்கள் டிவிக்கு இருபுறமும் மூலையில் ஒட்டிக் கிடந்தன. சோபா பின்சுவரோடு. தரை முழுக்க டைல்ஸ், ஒரு பக்கம் வெறும் கண்ணாடி.

"முதல்ல இதை நகர்த்துவோம்டா" என்றேன். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுத்தோம். சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் தள்ளியதும் தொப்பி பாதி தெளிந்தது. டைல்ஸின் கணகணப்புக்குப் பரணில் இருந்த பவானி ஜமக்காளத்தை எடுத்தோம். அது மெல்லிசு, பெரிதாக எதையும் அடக்காது, அதனால் நாலாக மடித்து ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் போட்டோம். அதே கச்சேரியைத் திரும்பப் போட்டார். தனி ஆவர்த்தனம் முடிகிற வரை யாரும் பேசவில்லை.

வயர் கடைக்கு இன்னும் அவர் போகவில்லை. ஜமக்காளத்தை மட்டும் அவர் அம்மா திரும்பக் கேட்கிறாராம், கொலுவுக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டுமே என்று.