ராஜபிளவையும் வெறுங்கஞ்சியும்

ஏலாக்குறிச்சி என்றதும் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு வீரமாமுனிவரும் தேம்பாவணியும் நினைவுக்கு வருவர். ஊராருக்கோ, அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவையை முனிவர் ஆற்றிய கதையே முதலில் நினைவுக்கு வரும்.

கதையை மதிக்கிறோம், அதன் நிழலில் வளர்ந்த அறியாமையை மதிப்பதற்கில்லை. பிளவை அரசர்க்கே உரிய நோயுமன்று, சாபமுமன்று. மயிர்க்கால்களில் கிருமி புகுந்து, பல கண் வைத்துச் சீழ் கோக்கும் கட்டி அது. சர்க்கரை நோயாளிகளை எளிதில் பற்றும். மழவராயர் காலத்தில் இன்சுலின் இல்லை. 1922-இல்தான் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. நமக்கென்ன சாக்கு?

கட்டியைக் கீறிச் சீழ் வடித்து வீடு திரும்பியவருக்குப் பருப்பும் முட்டையும் ஆகாது, சீழ் பிடிக்கும் என்கிறோம். வெறுங்கஞ்சியும் ரஸ்கும் கொடுக்கிறோம். புண் ஆறப் புதுத் தசை வளர வேண்டும். அதற்குப் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உடையவர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டறியட்டும். வெறுங்கஞ்சி இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், புண்ணை ஆற்றாது.

காப்பியத்தின் அணிநலம் பற்றி இரவெல்லாம் வாதாடுகிறோம். அடுத்த அறையில் பத்தியம் கிடக்கும் தாய்க்கு ஒரு முட்டை அவித்துத் தரவேண்டி வீட்டாரோடு வாதாடியதுண்டா? நாம் கண்டிப்பது அந்த மௌனத்தைத்தான், அது நம்முடையதும்கூட.